வெள்ளைச்சிக்குத் தெரிந்த செருமல்

மகள் அனுப்பிய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக டிக்கெட் எடுத்து மிருகக்காட்சிசாலைக்குள் நுழைந்தார் புலிக்காரர். இங்கே புலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெயர் மட்டும் அவரை விட்டபாடில்லை. மனைவி போனபிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு இருப்பது ஃபேன்தான். அதுவும் ஒரே பல்லவியைப் பாடும். மகள் ஃபோனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதோடு சரி.

வெள்ளைச்சிக்குத் தன்னை இன்னும் அடையாளம் தெரியுமா? இந்த ஒரு கேள்விதான் அவரை இங்கே இழுத்து வந்திருந்தது. அவர் வந்தால் எழுந்து வருவதற்கென்று இருந்த ஒரே ஜீவன் அந்த வெள்ளைப்புலி. அதுவும் மறந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

வெள்ளைச்சிக்குப் பிறவியிலேயே மாறுகண். கொஞ்சம் தள்ளி நின்றாலே ஆள் தெரியாது. திடுக்கிட்டுப் பாய்ந்து வைக்கக் கூடாதே என்று, பின்பக்கத்து இரும்புக் கதவைத் தூக்குமுன் அவர் தொண்டையைச் செருமுவார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், வந்து கம்பியில் மூக்கை வைத்துப் புர்ர்ரென்று மூச்சுவிடும். புலி பாஷையில் அதுதான் வணக்கம். பெரிய அதிகாரிக்குக்கூட அது அப்படி வணக்கம் வைத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை பிடிபடாது.

இப்போது அகழிக்கு அப்பால் மர நிழலில் படுத்திருந்தது வெள்ளைச்சி. இளைத்துப் போயிருக்குமோ என்று பார்த்தார். இல்லை, கொழுகொழுவென்றுதான் இருந்தது. சந்தோஷம்தான், ஆனாலும் லேசாகச் சுருக்கென்றது.

"இதெல்லாம் எந்தக் காட்டுல இருக்கும்?" பக்கத்தில் நின்ற பெண்மணி கேட்டாள்.

"இப்ப எந்தக் காட்டுலயும் இல்லம்மா. சாதாரணப் புலிக்கே எப்பவாவது ஒண்ணு இப்படி வெள்ளையா பொறக்கும். காட்டுல அப்படிப் பார்த்து ரொம்பக் காலமாச்சு. இப்ப இருக்கறதெல்லாம் கூண்டுலதான்."

"ஐயோ பாவம். அப்ப இதுக்குச் சொந்தம்னு யாருமே இல்லையா?"

நானிருக்கிறேன் என்று சொல்ல வாய் நமநமத்தது. தொண்டையைச் செருமினார்.

வெள்ளைச்சியின் காது விறைத்தது. எழுந்தது. தெரிந்துவிட்டது, மறக்கவில்லை!

ஆனால் அது அவர் பக்கம் திரும்பவேயில்லை. ஓட்டமும் நடையுமாகப் பின்பக்கத்துக் கதவுக்குப் போய்க் கம்பியில் மூக்கை வைத்தது. புர்ர்ரென்றிருக்கும், இங்கே கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆளில்லை. தலையை ஆட்டி ஆட்டித் தேடியது. இத்தனை வருஷமும் அவர் இருந்தது அங்கேதானே, வேறெங்கே போய்த் தேடும்?

"நல்லாப் பார்க்கறதுக்குள்ள போயிடுச்சே! அங்க யாரு இருக்கா?" என்றாள் பெண்மணி.

"யாருமில்லம்மா."

துக்கம் தொண்டையை அடைத்தது. மறுபடி செருமித் தொலைத்துவிட்டால் வெள்ளைச்சி அந்தக் கதவடியிலேயே காத்துக் கிடக்கும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.