வண்டி துடைக்கிற மஞ்சள் துணி

எங்கள் அப்பா வக்கீல். கரமனையில் வீடு. எங்கள் தெருவுக்கு முதலில் வந்த மோட்டார் எங்களுடையதுதான். சின்ன இங்கிலீஷ் வண்டி, கரும்பச்சை நிறம். வீட்டை ஒட்டின தென்னந்தோப்பில் ஓலை வேய்ந்து அதற்கு ஒரு கொட்டகை போட்டிருந்தார். வண்டி துடைக்க ஒரு மஞ்சள் துணி உண்டு. வேலைக்காரி அதைத் தொடக் கூடாது, கல்லில் அடித்துவிடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கசக்கி நிழலில் உலர்த்துவது என் வேலை. நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சிநேகிதர்கள் வருவார்கள். ஸ்ரீவராகத்திலிருந்து டாக்டர் மாமா தன் அமெரிக்க வண்டியில் வருவார். அது எங்கள் வண்டியைப் போல ஒன்றரை மடங்கு நீளம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் வருவார். அவருக்கு வண்டியும் கிடையாது, வாங்கப் போவதும் கிடையாது. ஆனால் மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கொட்டகைக்கு நேரே அடுக்களை ஜன்னல். தேங்காய் துருவிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்பேன்.

"உம்ம வண்டியில ஏறணும்னா காலைக் கழட்டித் தோள்ல போட்டுக்கணும் ஓய்" என்பார் டாக்டர் மாமா. ஆள் நல்ல உயரம்.

"உம்ம வண்டி குடிக்கிற குடிக்கு அதைப் பெட்ரோல் கடை வாசல்லயே கட்டிப் போட்டுடலாம்" என்பார் அப்பா.

"சண்டை எதுக்கு? கியர் மாத்தறச்சே ரெண்டும் ஒரே மாதிரிதானே கத்தறது" என்பார் வாத்தியார்.

"வண்டியே இல்லாத மனுஷனுக்கு வாயைப் பாரும்!"

"வண்டி இல்லாததனாலதான் ஓய் என்னால நியாயம் பேச முடியறது."

டாக்டர் மாமாவின் பிள்ளையும் கூட வருவார். காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். பானெட்டைத் திறந்தால் முதலில் குனிகிறவர் அவர்தான். ஒரு நாள் கையைத் துடைக்க அப்பா மஞ்சள் துணியை நீட்டினார். "வேண்டாம் மாமா, இத்தனை சுத்தமா இருக்கு, அழுக்காயிடும்" என்று சொல்லிவிட்டு வேஷ்டியிலேயே துடைத்துக்கொண்டார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ஒரு மாசம் ஓட்டினேன்.

அந்த ஆவணியில் இரண்டு ஜாதகமும் பொருந்தியிருக்கிறது என்றார்கள். தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று பேச்சாயிற்று. எனக்குப் பதினாறு வயசு. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கத்தில் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் எனக்கு இஷ்டம். ரொம்ப இஷ்டம். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் பொன்முடிப் பந்தயம் வந்தது. எந்த வண்டி தண்ணீர் கொதிக்காமல் மலை ஏறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை ஓயவில்லை. சம்பந்தி ஆகப் போகிறவர்கள்தானே, இரண்டு குடும்பமும் சேர்ந்தே போகலாம் என்று முடிவு செய்தார்கள். அம்மா புளியஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டினாள். காலையில் அப்பா வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். தெருவே வாசலில் நின்றது. "சாயங்காலம் நம்ம வண்டி முன்னால வரும், அமெரிக்கா பின்னால வரும், பாத்துண்டே இருங்கோ" என்று அப்பா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

மலையில் நாலாவது வளைவில் எங்கள் வண்டி ஆவி கக்கியது. அப்பா தண்ணீர் விட்டு மறுபடி கிளப்பினார். அடுத்த வளைவில் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அடியில் எண்ணெய் கறுப்பாக வழிந்தது. அவ்வளவுதான். அப்பா பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி நின்றார்.

மேலே போய்விட்ட டாக்டர் மாமா எங்களைக் காணாமல் திரும்பி வந்தார். அந்த மனுஷர் அங்கே ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. "மலைக்கு ஆளைத் தெரியுமா ஓய்? இன்னிக்கு உமக்கு, நாளைக்கு எனக்கு" என்றுதான் சொன்னார். இறக்கம் முழுக்க எங்கள் வண்டி தானாக உருண்டு வந்தது. வித்துரா சந்தையில் தடிக் கயிறு வாங்கி, அமெரிக்க வண்டியின் பின்னால் எங்கள் வண்டியைக் கட்டினார்கள்.

அம்மா அந்த வண்டிக்கு மாறி மாமியோடு உட்கார்ந்தாள். நான் அப்பா பக்கத்திலேயே இருந்தேன். டாக்டர் மாமா அப்பாவிடம் சொன்னார்: "என் வண்டி போடற சத்தத்துல உம்ம ஹார்ன் எனக்குக் கேக்காது. அந்த மஞ்சத் துணியைக் குழந்தை கையில குடும். நிறுத்தணும்னா தூக்கிக் காட்டட்டும். பிள்ளை பின்னால பாத்துண்டே வருவான்."

ஆகவே அவர் முன் ஸீட்டில் திரும்பி மண்டியிட்டு எங்களைப் பார்த்தபடி வந்தார். அது மேல்மூடியை மடக்கிவிட்ட வண்டி. கயிற்றின் நீளம்தான் நடுவில். நான் தலையைத் தூக்கவே இல்லை. மடியில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நெடுமங்காடு வருவதற்குள் அதன் ஓரத்தில் எத்தனை நூல் பிரிந்திருக்கிறது என்று எனக்குப் பாடமாகிவிட்டது.

பட்டணத்துக்குள் நுழைந்ததும் அப்பா தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். கிள்ளிப்பாலம் தாண்டினதும் என் பக்கம் குனிந்தார்.

"இதோ பாரு. கடைத்தெருவுக்கு முன்னால நிறுத்திடணும். கயித்தை அவிழ்த்துட்டா அப்புறம் இறக்கம். வண்டி தானே உருண்டு நம்ம வாசல்ல போய் நின்னுடும். ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொன்ன உடனே தூக்கு, என்ன?"

தலையை ஆட்டினேன். இதை அவர் டாக்டர் மாமாவிடம் முன்னமே சொல்லியிருக்கலாம். கேட்க அவமானமாக இருந்திருக்கும்.

"ம், தூக்கு" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்தேன். முன் வண்டியிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் நல்ல வெயில். கடைகளில் கூட்டம், காப்பிக் கிளப் வாசலில் ஆட்கள், ஆற்றிலிருந்து குடத்தோடு வருகிற தெரிந்த மாமிகள். நட்டநடுத் தெருவில், பதினாறு வயசுப் பெண், ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்துத் துணியைத் தூக்கி ஆட்ட வேண்டும். கை எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் எழுந்தது, மார்பு வரைக்கும் கூட இல்லை, திரும்ப மடியில் விழுந்துவிட்டது. அப்பா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தூக்கு, தூக்கு" என்றார் இன்னொரு தடவை. அதற்குள் கடைத்தெரு வந்துவிட்டது.

காப்பிக் கிளப்பிலிருந்து இறங்கி வந்தவர் வேறு யாரும் இல்லை, வாத்தியார்தான். "ஓய் வக்கீலே! உம்ம இங்கிலீஷ் வண்டிக்கு மாடு அமெரிக்காவிலேருந்தாக்கும் வந்திருக்கு? கொள்ளாமே, பேஷ்!" என்று கத்தினார். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. முன் வண்டியில் டாக்டர் மாமாவின் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன். தெருவுக்குள் நுழைந்தபோது காலையில் தேங்காய் உடைத்ததைப் பார்த்த அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் டாக்டர் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "மாடுங்கறானே ஓய், கேட்டேரா?"

அப்பா சிரிக்கவில்லை. "ஏன் ஓய் நிறுத்தலை?"

"எங்கே?"

"கடைத்தெருவுக்கு முன்னால. குழந்தை துணி காட்டினாளே." அப்பா என் பக்கம் திரும்பினார். "தூக்கினியோ இல்லையோ?"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு வார்த்தை. நான் தலையை ஆட்டினேன், தூக்கினேன் என்று.

டாக்டர் மாமா பிள்ளையிடம் கேட்டார். "ஏண்டா, நீ பாக்கலையா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. அப்புறம், "நான் வேற எங்கியோ பாத்துண்டிருந்தேன். என் தப்புதான், மாமா" என்றார்.

"மூணு மணி நேரம் கண்ணை எடுக்காம பாத்துண்டு வந்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் மட்டும் பார்வை வேற எங்கியோ போயிடுத்தாக்கும்?" என்றார் அப்பா. "தெரு முழுக்க என்னைக் கட்டி இழுத்துக் காட்டணும்னு அப்பனும் பிள்ளையும் நெனச்சேள். காட்டியாச்சு."

"என் பிள்ளை பொய் சொல்றான்னு சொல்றேரா?"

"பின்னே?"

டாக்டர் மாமாவின் முகம் கறுத்துவிட்டது. கயிற்றைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வண்டியில் ஏறினார். அப்பா சொன்னது சரிதான். அந்தப் பிள்ளை பொய்தான் சொன்னார். யாருக்காகச் சொன்னார் என்று அந்த வாசலில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் வாத்தியார் என் ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் ஒரு தமாஷுக்குச் சொன்னது, மாமி" என்று அம்மாவிடம் நாலைந்து தடவை சொன்னார். அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். இன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று தினம் காலையில் எழுந்திருப்பேன். காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன், டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். பங்குனியில் டாக்டர் மாமாவின் பிள்ளைக்குப் பாலக்காட்டுப் பெண்ணோடு கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் காலையில் அப்படி எழுந்திருப்பதை நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் என்னை நாகர்கோவிலில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நல்லவர். சைக்கிளில் ஆபீஸ் போய்வருவார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

அப்பா வண்டியை ரிப்பேர் பண்ணிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு யாரும் வருவதில்லை. வாத்தியார்கூட வருவதில்லை. நான் பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஒரு நாள் பெரிய ரோட்டில் அமெரிக்க வண்டி போகிற சத்தம் கேட்டது. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"ஒரு ஸிலிண்டர் அடிக்கலை, இஞ்சின் நொண்டறது" என்றார். "கேட்டாலே தெரியறது. அவன்கிட்ட யாராவது சொல்லப்படாதோ."

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு வாரம் அந்தச் சத்தத்துக்காகக் காது வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அது வரவே இல்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் என்றார்கள். அப்பா வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டார். டயரைக் கழற்றி உள்ளே வைத்து, வண்டியைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். அப்படியும் துடைப்பதை விடவில்லை. நான் ஒரு தடவை வந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே துணிதான். நடுவில் ஒட்டுப் போட்டிருந்தது.

"டாக்டர் நல்ல மனுஷன்" என்றார் திடீரென்று, வண்டியைப் பார்த்தபடியே. "அன்னிக்கு அந்தப் பிள்ளை இதைப் பாத்து நிறுத்தச் சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிப் பேசியிருக்கப் போறேன்? இல்லையா?"

கொட்டகையில் அவரும் நானும் மட்டும்தான். தெரு பார்க்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். வாயைத் திறந்தேன்.

"குடுங்கோ அப்பா, கசக்கிக் கொண்டுவரேன்" என்றேன்.

கொடுத்தார். தோப்பு வழியாக ஆற்றில் இறங்கினேன். துணியில் அழுக்கே இல்லை. இருந்தாலும் கசக்கினேன். ஓடாத வண்டி, அழுக்கு எங்கிருந்து வரும்? பிழிந்து, உதறுவதற்காகக் கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். சுலபமாக எழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் யாரும் இல்லை.