அணையாத பெட்டி

சமீனாவின் இடது கை ஒயரைப் பிடித்திருக்க, வலது கை சின்ன ஸ்குரூடிரைவரால் பெட்டியின் மூடியைத் திறந்தது. உள்ளே சிம் கார்டு போட்ட மோடம், ஒரு பழைய ரவுட்டரின் போர்டு, பெட்டிக்கு வெளியே ஒயரில் கோத்தபடி செங்கல் பருமனில் பேட்டரி. விரல்கள் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திப் பார்த்தன. எதுவும் ஆடவில்லை. பிறகு போனை எடுத்துப் பெட்டிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பின. பெட்டி உடனே பதில் சொன்னது.

அதுதான் கஷ்டம். இந்த மேசைக்கு வந்தால் ஓடுகிறது, கடைக்குப் போனால் செத்துவிடுகிறது.

"ஓடுதுல்ல லாத்தா? மூடிக் குடுங்க, கொண்டு போறேன்," என்றான் நியாஸ். அக்காவை லாத்தா என்பது அவன் வழக்கம்.

"நேத்தும் ஓடுச்சே. அப்புறம்?"

"மத்தியானம் செத்துருச்சு. ரீசெட் பண்ணேன். ராத்திரி மறுபடியும்."

"அப்ப மூடிக் குடுத்து என்ன பண்ண?" என்றாள் சமீனா.

நியாஸ் நகரின் லத்தா பகுதியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். கடையோடு சேர்த்து ரத்ததானக் குழு ஒன்றையும் நடத்துகிறான். ரத்தம் வேண்டியவர்கள் பெட்டியின் நம்பருக்குச் செய்தி அனுப்புவார்கள். பெட்டி அதைப் படித்து, அந்த வகை ரத்தம் உள்ளவர்களுக்குத் தகவல் அனுப்பும். இண்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும் ஏற்பாடு. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவள் சமீனா.

வாசலோரம் நாற்காலியின் நுனியில் சபாபதி உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு அக்கரை டாலாவில் சைக்கா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறவர். காலையில் முதல் படகிலேயே ஆற்றைக் கடந்து வந்திருந்தார். மகள் கலாவுக்கு உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். மாதாமாதம் ஏற்ற வேண்டும். அவளுடையது பி நெகட்டிவ், ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. நேற்று மத்தியானம் அவர் அனுப்பிய செய்தியைப் பெட்டி வாங்கிக்கொண்டு அப்படியே செத்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பதில் வரலைன்னதும், ஆள் தேடிக்கிட்டிருக்காங்கன்னுதான் நெனச்சேன் தங்கச்சி," என்றார். "ஒரு நாள் பூரா சும்மா உக்காந்துட்டேன்."

சமீனாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நியாஸ் காலையிலிருந்தே தன் போனிலிருந்து தானம் தருகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தான். தெரியாத நம்பரை இப்போது யார் எடுக்கிறார்கள்? அவர்கள் போனில் பதிந்து வைத்திருப்பது பெட்டியின் நம்பர் ஒன்றைத்தான்.

"எல்லாம் இந்த பேட்டரியால வந்தது. இது வந்த நாள்லேர்ந்துதான் சனியன்," என்றான் நியாஸ். "தவ்ஹீத் ஹாஜியாருக்கு போன் போட்டு, நல்ல பேட்டரி தானம் குடுத்தீங்கன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

"தானம் குடுத்தவரையா ஏசினே?"

"மரியாதையாத்தான் ஏசினேன்."

சமீனா கல்லூரியில் படித்தது விலங்கியல். லத்தாவின் மொத்த வியாபாரக் கடைகளில் யாரோ எழுதிப் போட்டுவிட்டுப் போன பில் புரோகிராம்களைப் பழுது பார்த்துப் பார்த்தே சி என்னும் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள். கேட்க ஆள் கிடையாது. இன்னொருவர் எழுதியதைப் பிரித்துப் பார்ப்பாள், ஓட்டிப் பார்ப்பாள், உடைந்தால் ஏன் உடைந்தது என்று தெரியும்வரை கடையை விட்டு நகர மாட்டாள். இந்தப் புரோகிராமில் அவள் முதலில் சந்தேகப்பட்டது, செய்தியில் எழுத்துகளைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற பேட்டர்ன்களை. ஜனங்கள் ஒரே மாதிரியா எழுதுகிறார்கள்? ஒருவர் ரத்த வகையை முதலில் போடுவார், ஒருவர் ஆஸ்பத்திரியை. அந்தக் குழப்பத்திலிருந்து வகையையும் இடத்தையும் போன் நம்பரையும் பிரித்தெடுக்க அவள் யாரோ எழுதி வைத்த ஆயத்த லைப்ரரி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தாள். இன்ன மாதிரி எழுத்துகளைத் தேடு என்று ஒரு பேட்டர்ன் கொடுத்தால், லைப்ரரி அதைக் கம்பைல் செய்து, அதாவது தனக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, மெமரியில் வைத்துக்கொண்டு தேடித் தரும். பேட்டர்னில்தான் கோளாறு என்று நேற்றிரவு ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டாள். எல்லாம் சரியாகவே தேடின.

மின்விசிறி மெல்ல நின்றது. கரண்ட் போய்விட்டது. கீழே தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

சமீனா அதையே பார்த்தாள். போன மாதம்வரை இந்த நேரத்தில் இதுவும் அணைந்திருக்கும். கரண்ட் வந்ததும் புதிதாகத் தொடங்கியிருக்கும். பேட்டரி வருமுன் இந்தப் பெட்டி தொடர்ந்தாற்போல் அரைநாள் ஓடியதே கிடையாது.

பழைய செய்திகளை எடுத்துத் திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் ஓடவிட்டாள். மெமரி எவ்வளவு செலவாகிறது என்று லேப்டாப் திரையில் பார்த்தாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது, இறங்கவேயில்லை.

"என்ன லாத்தா?"

"பேட்டரி இல்ல நியாஸ். நான்தான்."

ஒவ்வொரு செய்திக்கும் பேட்டர்ன்களைப் புதிதாகக் கம்பைல் செய்யும்படி எழுதியிருந்தாள். லைப்ரரி ஒவ்வொரு தடவையும் மெமரியில் இடம் பிடித்துக் கொடுத்தது. வேலை முடிந்ததும் அந்த இடத்தை விடுவிக்கச் சொல்ல வேண்டியது எழுதுகிறவர் பொறுப்பு. அவள் சொல்லவில்லை. அவள் பார்த்துப் படித்த உதாரணங்கள் எல்லாம் ஒரு தடவை ஓடி முடிந்துபோகிறவை. அவற்றுக்கு அது தேவைப்படவில்லை. இங்கே மின்வெட்டு தினமும் வந்து மெமரியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனது. பேட்டரி வந்தது, கூடவே டெங்கு மாதமும் வந்தது. செய்திகள் குவிந்தன. பெட்டி மூச்சுமுட்டிச் செத்தது.

"அப்ப நேரத்துக்கு நேரம் அணைச்சுப் போட்டா போதுமே? சபாபதி அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு."

"அணைக்கிற நேரத்துல வர்ற செய்தி யாரோட வீட்டுதோ?"

சபாபதி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மழை இறங்கியிருந்தது. "சீக்கிரம் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி," என்றார். "இன்னைக்குள்ள பண்ணிடுங்க."

பேட்டர்ன்கள் தொடங்கும்போது ஒரே தடவை கம்பைல் ஆகும்படி மாற்றினாள். செய்தியைப் படித்த உடனேயே அழித்துக்கொண்டிருந்த வரியை, தகவல் போன பிறகே அழிக்கும்படி கீழே இறக்கினாள். விரல் இருமுறை தவறான விசையில் பட்டது. பழைய செய்திகளை மறுபடி ஓடவிட்டாள். எண் கொஞ்சம் ஏறி நின்றது. அவள் இன்னும் நம்பாமல் இன்னொரு சுற்று ஓடவிட்டாள். நின்ற இடத்திலேயே நின்றது.

"அண்ணே, இப்ப அனுப்புங்க."

சபாபதி அனுப்பினார். பெட்டி தகவலை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தது. முதலில் வந்த பதில், ஊரில் இல்லை. அடுத்தது, காய்ச்சல். மூன்றாவது தாகேதாவிலிருந்து ஒரு பெண், தஸ்லீமா: கிளம்பிவிட்டேன், எந்த வார்டு?

சபாபதி குடையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினார்.

"எத்தனை பேரோடது இப்படிப் போச்சோ," என்றாள் சமீனா.

"மொதல்ல ஹாஜியாருக்கு போன் போடு," என்றபடி மூடியைப் பொருத்தித் திருகினாள்.

நியாஸ் ஸ்விட்சை நோக்கிக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இன்னும் பதில் வந்துக்கிட்டிருக்கு. அணைக்காம கொண்டு போ."

பேட்டரியை அவன் கக்கத்தில் இடுக்கிவிட்டு, ஒயர் இழுபடாமல் பார்த்து, பச்சை விளக்கு எரியும் பெட்டியை இரண்டு கையாலும் அவன் கைகளில் வைத்தாள்.