நடக்காத ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூச்சியம்

அந்த ஆங்கில உதைபந்தாட்டக் கழகம் கிண்ணத்தை வென்ற வருடம் நானும் அண்ணனும் இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் ஒரே அறையில் இருந்தோம். இரண்டாம் பிரிவில் கிடந்த கழகம் அது. முதற்பிரிவின் பெரிய தலைகளை எல்லாம் சாய்த்துவிட்டுக் கிண்ணத்தோடு ஊர் திரும்பியபோது, அதுவரை எங்களை ஏறெடுத்தும் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரன் நடுத்தெருவில் அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதான். அண்ணனும் அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நானும் அழுதேன்.

மூன்று மாதத்தில் நான் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் கோப்பு அடுக்கும் வேலை. வாடகைக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் செங்கற்சுவர். இங்கே இருக்கும் தமிழரை விரல்விட்டு எண்ணலாம் என்று அப்போது சொல்வார்கள். எனக்கு ஒரு விரல்கூடத் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் பந்தாட்டம் பற்றி வாயெடுத்தால், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். அது ஒரு விளையாட்டா என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வாயை அடக்கத் தெரியாதவனுக்கு அதுவும் வேண்டியதுதான்.

கிழமைக்கு ஒருமுறை அண்ணனின் நீல நிற ஏரோகிராம் கடிதம் வரும். முழுக்கப் பந்தாட்டம்தான். கிண்ணம் வென்றவர்கள் இந்த வருடம் முதற்பிரிவுக்கு ஏறுவது நிச்சயம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களோ பெயர் தெரியாத அணிகளிடமெல்லாம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐரோப்பியப் போட்டிக்கும் போனார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். வெல்லவேண்டிய ஆட்டத்தைச் சமன் செய்வார்கள், சமன் செய்யவேண்டியதைத் தோற்பார்கள்.

முடிவுகள் சனிக்கிழமையே சிற்றலை வானொலியில் எனக்குத் தெரிந்துவிடும். அங்கே ஆட்டம் முடியும்போது ரொறன்ரோவில் மதியம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் கடிதத்துக்குக் காத்திருப்பேன். எத்தனைக்கு எத்தனை என்பதற்காக அல்ல. நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில், மேற்குப் பக்கத்துக் கம்பியோரம், அண்ணன் நின்றுகொண்டிருக்கிறார் என்பதற்காக. உலகத்தில் எனக்கென்று ஓர் இடத்தை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்ற நினைப்பில்தான் அந்தப் பனிக்காலத்தைக் கடத்தினேன். ஒரு கிழமை கடிதம் பிந்தியபோது, என்னை மறந்துவிட்டீர்களா என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிணுங்கி எழுதினேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மைதானம் உறைந்துபோனதால் எங்கள் கழகத்தின் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று வானொலி சொன்னது. அடுத்த வியாழக்கிழமை அண்ணனின் கடிதம் வந்தது.

"ஒண்டுக்குப் பூச்சியம், தோத்துப்போனம். எங்கடை இடத்திலைதான் நிண்டனான். குளிர் எலும்புக்குள்ளை போட்டுது. நடுவர் ஒரு குருடன்."

மூன்று தரம் வாசித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பையைக் கழுவும்போது பயம் வந்தது. அண்ணன் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல.

அந்தச் சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தது. அது நடந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, வீட்டு நடையில் இருந்த தொலைபேசியில் அவரை அழைத்தேன். அவர் அறையில் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இருந்தார்.

"அண்ணை, போன கிழமை மாட்ச் நடக்கவே இல்லை."



"நடக்கேல்லையோ?" என்றார் மெதுவாக. "எப்பிடியும் தோப்பாங்கள்தானே எண்டு வெள்ளிக்கிழமையே எழுதிப் போட்டிட்டன். பிந்தினால் நீ கவலைப்படுவாய்."

"மற்றக் கடிதங்கள்?"

"ஞாயிறுப் பேப்பரைப் பாத்து எழுதினது. நீ போனாப்பிறகு ரெண்டு மாட்சுக்குப் போனன். சுத்திவர அவ்வளவு சனம். கோல் விழேக்கை திரும்பிப் பாத்தால் பக்கத்திலை ஒருத்தருமில்லை. பாதியிலை வந்திட்டன். அதுக்குப் பிறகு போகேல்லை."

ஆவணியிலிருந்தே அந்த இடத்தில் வேறு யாரோ நின்றிருக்கிறார்கள். எனக்கு அவரைத் திட்டவேண்டும் போல இருந்தது.

"தம்பி," அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான் அங்கை வந்தால் என்ன? சனிக்கிழமையிலை அறை நிறையக் கூட்டாளியள் எண்டு எழுதுறாய். அதுக்குள்ளை எனக்கும் ஒரு மூலை இருக்காதே?"

அதுவரை அண்ணன் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. திறந்திருந்த கதவு வழியே என் அறை தெரிந்தது. ஒரு கட்டில், ஒரு கதிரை. அந்தக் கூட்டாளிகளுக்கு என் கடிதங்களில் நான் ஊரும் வேலையும்கூடக் கொடுத்திருந்தேன். ஒருவனைச் சீட்டாட்டத்தில் கள்ளம் விடுபவனாக்கி, அவனோடு நான் சண்டை பிடித்ததை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

"ஒருத்தருமில்லை அண்ணை," என்றேன். "நானும் சும்மா எழுதினதுதான். நீங்கள் வாங்கோ."