தானாக நின்ற கார்

அந்த நாட்களில் றோட்டோரம் சும்மா நிற்கிற காரைக் கண்டாலே சனம் விலகி நடக்கும். கார்களில் குண்டு வைத்து வெடித்துக்கொண்டிருந்த காலம். தமிழன் ஓட்டுகிற கார் என்றால் கண்ட இடத்தில் நிற்கவே கூடாது. என்னுடையதோ, நினைத்த இடத்தில் நிற்கிற கார்.

எனக்குக் கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. மனைவி கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். பஸ்ஸில் அடையாள அட்டையை நீட்டி நீட்டிக் களைத்துப்போய்த்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன். மூளையில்லாத வேலை.

அதன் பெற்றோல் பம்ப் கரண்டில் வேலை செய்வது. கார்த் திறப்பைப் போட்டுத் திருப்பினால் 'டக் டக்' என்று அடித்து, பெற்றோல் நிறைந்ததும் அடங்கும். அடிக்காவிட்டால் அதற்குக் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். ஏற்றம் ஏறிச் சூடானால் சில நாட்களில் அது அடிக்காது. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல அடிக்கும். எந்த இடத்தில் கரண்ட் அறுகிறது என்று பிடிக்க, சின்ன பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பொருத்திக் காரில் வைத்திருந்தேன். கார் நின்ற அந்த நேரத்திலேயே வைத்துப் பார்த்தால்தான் குறை தெரியும்.

மனைவி ஒரு நாள் அதைக் கண்டுவிட்டாள்.

"வயரும் பல்ப்பும் கொண்டு திரியிறியளோ? கண்டால் குண்டுக்கு எண்டெல்லோ பிடிப்பாங்கள். உங்களுக்கு என்ன விசரே?"

அதை எடுத்துக்கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு குறையைக் கண்டுபிடிக்க எனக்கு வழியும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு வரும்போது, பேராதனைக்குக் கிட்ட, ஒரு இராணுவ முகாமின் மதிலோரம் கார் நின்றது. வாகனம் நிறுத்தத் தடை என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே. திறப்பைத் திருப்பினேன். பம்ப் அடிக்கவில்லை.

ஒரு கோப்ரலும் இரண்டு சிப்பாய்களும் துவக்கை நீட்டியபடி வந்தார்கள். அட்டைகளை வாங்கிப் பிறந்த ஊரைப் பார்த்த கோப்ரல் அவற்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏன் இங்கே நிறுத்தினாய்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"நான் நிறுத்தவில்லை சேர். தானாக நின்றது."

பின் சீற்றைக் கழற்றினார்கள், டிக்கியைக் கொட்டினார்கள். மனைவியின் கொப்பிகளைக்கூட உதறிப் பார்த்தார்கள். அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

"இப்போது ஸ்டார்ட் பண்ணு."

டக் டக் என்று அடித்தது. உடனே ஸ்டார்ட் ஆனது. என் வாழ்நாளில் கார் ஸ்டார்ட் ஆனதற்காக நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

"நல்ல கார்தானே" என்றான் கோப்ரல். அவன் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு சிப்பாயை ஜீப் கொண்டுவர அனுப்பினான். அந்த ஜீப்புகளில் ஏறித் திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும், வராதவர்களையும் தெரியும்.

"சூடானால் நிற்கும் சேர். ஓடவிட்டுக் காட்டுகிறேன்" என்று கெஞ்சினேன். முன்பக்கப் பொனற்றைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். முருகா, இதை நிற்கப்பண்ணு என்று மன்றாடினேன். சனியன், புதுக் கார் மாதிரி ஓடியது. முகாமுக்குள்ளிருந்து ஜீப் வருகிற சத்தம் கேட்டது.

பம்பைத் தொட்டுக் காட்டுகிறவன்போலக் கையை உள்ளே விட்டு, அதன் வயரை நானே இழுத்துக் கழற்றினேன்.

பம்ப் அடங்கியது. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. காபரேற்றரில் மிச்சமிருந்த பெற்றோல் தீருமட்டும் அது ஓடும். அந்த நேரம் முழுதும் கோப்ரல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கையைப் பார்த்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கடைசியில் எஞ்சின் இருமி நின்றது. ஒரு சிப்பாய் திறப்பைத் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை.

கோப்ரல் சிரித்தான். வந்து நின்ற ஜீப்பைத் திருப்பி அனுப்பினான். "இந்த இரும்பை விற்றுவிடு" என்று அட்டைகளைத் திருப்பித் தந்தான். நான் ஏதோ திருத்துகிறவன்போல வயரை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மனைவி கேட்டாள்.

"முன் சீற்றில இருந்து, பொனற் இடைவெளியால உங்கட கையைக் கண்டனான். நீங்கள்தானே கழட்டினியள்?"

"ஓம்."

"அப்ப முகாமடியில முதல் தரமும் நீங்கள்தானோ நிப்பாட்டினது? இயக்கத்துக்காகவோ?"

ஜீப் சத்தத்துக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

அடுத்த நாள் காலை, அலுமாரியிலிருந்து அந்த பல்ப்பை அவளே எடுத்துவந்து தந்தாள். முற்றத்தில் ஒரு மணித்தியாலம் காரை ஓடவிட்டேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நிற்கவே இல்லை.

"காணும், நிப்பாட்டுங்கோ. நான் நம்புறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலம் எங்களை அப்படி ஆக்கியிருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் அவளைக் கூட்டிவர நான் தனியே போனபோது, கலஹா ஏற்றத்தில், தேயிலைக்கு நடுவே, கார் தானாக நின்றது. திறப்பைத் திருப்பினேன். பம்ப் அடிக்கவில்லை. பல்ப்பை வீட்டில் விட்டிருந்தேன். சாட்சிக்கு முன்னும் பின்னும் ஒரு மனிதர் இல்லை. ஸ்ரியறிங்கில் தலையை வைத்து அழுதேன். பத்து நிமிடத்தில் அது அடித்தது. போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். நின்றதை அவளிடம் சொல்லவில்லை.