டெப்போவுக்குப் போன பை

இந்த வயதில் தனியாக மலைக்குப் போய் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தால்தான் உங்களுக்குச் சோறு இறங்குமா? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

ஆதார் அட்டையைக் காட்டினால் பெண்களுக்கு அரசு பஸ் சும்மா என்று ஆனதிலிருந்து, மாதம் ஒரு நாள் விடியற்காலையிலேயே பெங்களூர் ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து கிளம்பிவிடுவேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் சகலேஷ்பூர். மலைக்காற்றில் ஒரு காபி, கால் போன பக்கம் ஒரு நடை, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கன்னடம் வாய் நிறையப் பேசுவேன்; போர்டு படிக்கத்தான் வராது. அதுதான் என் மகனுக்குப் பயம்.

"ஒரே ஒரு வாட்டி உன்னைத் தேடிக்கினு நான் வர்ற மாதிரி ஆச்சுன்னா, அதோட உன் டூரெல்லாம் கட்," என்று சொல்லி வைத்திருந்தான்.

போன மழைக்காலத்தில் அந்த நாள் வந்துவிடும் போலிருந்தது. திரும்புகிற பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் ஒரே கூட்டம். ஒரு பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டேன். பை விழுந்தால் சீட் நம்முடையது. எந்த ஊர் பஸ்ஸிலும் இதுதான் சட்டம். ஆனால் நான் கதவுப் பக்கம் போவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. உள்ளே ஒருத்தரும் இல்லை, என் பை மட்டும்தான். ஆதார், போன், வெற்றிலை எல்லாம் அதில்.

ஸ்டாண்டில் பஸ் நேரம் பார்க்கிற கண்ட்ரோலரிடம் ஓடினேன்.

"அது பெங்களூர் பஸ்தான் அஜ்ஜி," என்றார் அவர் கன்னடத்தில். "டெப்போல கழுவிட்டு, டீசல் போட்டுட்டு இங்கதான் வரும். மகன் நம்பர் சொல்லுங்க, பேசிடலாம்."

மகன் நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"நம்பரா? ஞாபகமே இல்லியேப்பா," என்றேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "நீ டெப்போவுக்குப் போன் போடு."

போட்டார். "பை பத்திரமா இருக்காம். எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, எடுத்தா சீட்டு போயிடும்! அங்கயே இருக்கட்டும்."

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தவர், தன் நாற்காலியையே எனக்குக் கொடுத்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. ஜன்னல்களில் பைகள் பறந்தன. என் சீட்டில் உட்காரப் போன ஒரு பெண்ணைக் கண்டக்டர் தடுத்தார்.

"அம்மா, அது டெப்போலயே புக் ஆயிடுச்சு! அஜ்ஜி, வாங்க."

எல்லாரும் ஏறிய பிறகு, ராணி மாதிரி மெதுவாக ஏறினேன்.

மகன் ஆபீஸிலிருந்து வரும்போது அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"போய்ட்டு வந்துட்டியா? ஒண்ணும் ஆவலியே?"

"எனக்கு என்னடா ஆவும்?"

பக்கத்து வீட்டுக்காரிகளிடம் மறுநாள் சொன்னது வேறு.

"சகலேஷ்பூர்ல நமக்கு ஒரு மரியாதை இருக்குதுடி. நான் உக்காரணும்னு பஸ்ஸையே கழுவிக் கொண்டாந்து நிறுத்தினாங்க. உங்களுக்கும் வேணும்னா கண்ட்ரோலர்கிட்ட சொல்லி வைக்கிறேன். என்கூட வர்றேன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க."