சூடான பாலில் கார்ன்பிளேக்ஸ்

போச்சம்பள்ளி, காலை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடுதியை விட்டு இறங்கினால், எதிரே இருக்கும் மெஸ் பூட்டிக் கிடக்கிறது. பஸ் நிறுத்தம்வரை நடப்பதற்குள் நெற்றி வியர்த்து, கைகள் நடுங்குகின்றன. திட்டில் உட்கார்ந்துவிடுகிறேன்.

பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் எவர்சில்வர் டப்பாவில் எதையோ கிளறிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கை நிற்கிறது.

“சுகரா சார்? எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் வரும்.” டப்பாவை அப்படியே என் மடியில் வைக்கிறாள். சூடான பாலில் ஊறிய கார்ன்பிளேக்ஸ்.

“அப்ப உனக்கு வேணாமாம்மா?”

“நான் கேன்டீன்ல பாத்துக்கறேன். சாப்புடுங்க. ‘காசு குடுத்து மக்காச்சோளக் கூழு வாங்கறா பாரு’ன்னு எங்க மாமியா சிரிக்கும்.”

மாமியார் சொல்வது சரிதான். குளிர்ந்த பாலில் மொறுமொறுவென்று சாப்பிடச் சொல்லித்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இதை நம் நாட்டில் விற்க வந்தார்கள். நாம் கொதிக்கும் பாலை ஊற்றிக் கூழாக்கிக்கொண்டோம். கடைசியில் விற்றவர்களே இறங்கிவந்து, சூடான பாலோடு விளம்பரம் செய்தார்கள். இனிப்பான அந்தக் கூழ்தான் இப்போது என்னை விழாமல் உட்கார வைத்திருக்கிறது.

கம்பெனி பஸ் வந்துவிடுகிறது.

“அண்ணா, செத்த இருங்க! சார் சாப்புட்டுக்கிட்டு இருக்காரு, மயக்கம் வந்துருச்சு,” என்று படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்கிறாள்.

“ஷிப்டுக்கு லேட்டானா உனக்குத்தான் திட்டு,” என்கிற டிரைவர், என்னைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைக்கிறார். “மெதுவா சார், பொரை ஏறிக்கப் போவுது.”

கை நடுக்கம் அடங்குகிறது. நான் அடியில் தங்கிய பாலையும் குடித்து முடிக்கும்வரை, ஒரு பஸ் நிறைய மனிதர்கள் ஜன்னல் வழியே பார்த்தபடி காத்திருக்கிறார்கள்.