இரண்டேகால் நாள்

எனக்குக் கோபம் வந்தால் என் மனைவி நேரே போய் தினசரி காலண்டரைப் பார்ப்பாள். என் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்தால் இரண்டேகால் நாளைக்கு வாயே திறக்கமாட்டாள். செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

சந்திரன் நகர்ந்த பிறகும் நான் நகராததுதான் சிக்கல். போன வருஷம் இரண்டு மாதம் பாயை விட்டு எழவில்லை. குளிக்கவில்லை. குடிகாட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு தீர்ந்துபோனது. சிதம்பரத்தில் ஒரு மனநல டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார்.

சில வாரத்தில் எழுந்தேன். எழுந்தவன் நிற்கவே இல்லை. இரண்டு மணி நேரத் தூக்கம் போதுமாக இருந்தது. ஒரே வாரத்தில் வீட்டு முன்சுவருக்கு மூன்று நிறம் மாற்றி மாற்றி அடித்தேன். மகளைப் பைக்கில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் கையை விட்டு ஓட்டினேன். அவள் கத்தினாள், சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்தேன். மனைவியின் தம்பி வந்து பார்த்துவிட்டு, மாமா பழையபடி ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுபடி டாக்டரைப் பார்க்கச் சிதம்பரம் பஸ் ஏறினோம். புவனகிரி வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருடன் பேசி முடித்திருந்தேன். மனைவி பையை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“நல்லா இருக்கார்னு மட்டும் சொல்லு. வேற ஏதாச்சும் சொன்ன, எழுந்து போய்க்கினே இருப்பேன்” என்றேன்.

டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் நானே பேச ஆரம்பித்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் குறுக்கிட்டாள்.

“அழுதப்ப மட்டும்தான் சார் இவர இட்டாந்தேன். சிரிச்சப்ப இட்டாரல.”

பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட காலண்டர் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சந்திராஷ்டமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, தாளுக்குப் பின்னால் என்னைப் பற்றி எழுதிவந்திருக்கிறாள். ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். சோர்வு மட்டும் வந்தால் அது ஒன்று. சோர்வும், இப்படித் தூக்கமே தேவைப்படாத வேகமும் மாறி மாறி வந்தால் பைபோலார், அதற்கு மருந்து வேறு என்றார். சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு வேகம் ஏறிவிடுமாம். முன்பு எப்போதாவது இப்படி வேகம் வந்ததுண்டா என்று முதல் தடவையே கேட்டிருந்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னவன் நான்தான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அழுத நாள் போகட்டும், நல்ல நாளையும் நோயில் சேர்த்துவிட்டாளே. எழுந்து தாள்களைப் பிடுங்கினேன், கிழிப்பதற்குத்தான். மேலே இருந்தது கண்ணில் பட்டது.

‘சந்திராஷ்டமம் இல்ல. தூக்கம் ரெண்டு மணி நேரம். பாப்பாவ பைக்ல கூட்டிப் போனார். வர்ற வரைக்கும் வாசல்லியே நின்னேன். சிரிச்சிக்கினே வந்தார். அழுதப்பகூட நான் இவ்ளோ பயந்ததில்ல.’

உட்கார்ந்தேன். புது மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று டாக்டரிடம் கேட்டேன்.